எல்லை தாண்டினால் சட்டம் மாறுமா?



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர் குடும்பங்களில், அண்மைக் காலமாகப் பெற்றோர் உள்ளத்தை அரித்துவரும் கவலை ஒன்று உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் அதனை எடுத்துப் பேசக் கூசுகிறோம். தனித்துச் சந்திக்கும்போது மட்டும் தாழ்ந்த குரலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை, பட்டறையில் தொழில் பழகும் தம்பி, கட்டட வேலைக்கு வந்து ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருக்கும் உறவினர் மகன், இவர்களுள் எவரையேனும் கஞ்சாப் பழக்கம் பற்றிக்கொண்டுவிடுமோ என்பதே அக்கவலை.

கவலையோடு குழப்பமும் சேர்ந்துள்ளது. “உத்தராகண்டத்தில் சர்க்காரே உரிமம் தந்து அச்செடியை வளர்க்கச் செய்கிறது, காசியில் கடை வைத்து அதன் இலையை விற்கிறார்கள், கனடாவில் பெரியவர்களுக்குத் தடையே இல்லை, இங்கே மட்டும் ஏன் அம்மா குற்றம்?” என்று தம் மகன் கேட்டதாகவும், தமக்கு விடை சொல்லத் தெரியவில்லை என்றும் நமது சங்கத்து உறுப்பினரான ஓர் அம்மையார் வருத்தத்துடன் கூறினார். பிள்ளை சொன்ன செய்திகளில் பொய் இல்லை. அவற்றிலிருந்து அவன் கண்ட முடிவுதான் ஆபத்தானது. ஒரே செடியைப் பற்றி ஊருக்கு ஊர், சர்க்காருக்குச் சர்க்கார் சட்டம் ஏன் வேறுபடுகிறது, அவ்வேற்றுமை எதுவரை செல்லும், எல்லை தாண்டி வாழும் நமக்கு அதனால் விளையக்கூடிய இடர் யாது என்பவற்றை இம்மாதம் ஆராய்வோம்.

களியக்காவிளையில் ஒரு பாடம்

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுபவர், பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்ததும் வேறொரு மாநிலத்தின் சட்டத்துக்கு உட்படுகிறார். கேரள சர்க்கார் 1967-ஆம் ஆண்டு முதல் தானே லாட்டரி நடத்தி வருகிறது. இங்கே தெருமுனையில் நின்று சீட்டு விற்பவர் நேர்மையாகத் தொழில் செய்பவர். அதே சீட்டுக் கட்டை மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோய் விற்றால் அவர் குற்றவாளி. ஏனெனில் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே லாட்டரி தடை செய்யப்பட்டது. மது அருந்துவதற்குக் கேரளத்தில் 23 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்; தமிழ்நாட்டில் 21 வயது. குஜராத்திலும், 2016-ஆம் ஆண்டு முதல் பீஹாரிலும் மதுவிலக்கே நடைமுறையில் உள்ளது.

மக்கள் இருந்த இடத்தில் இருக்க, எல்லையே நகர்ந்து சென்றதும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நம்மில் பலருடைய பாட்டன்மார் அன்று தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வேறொரு சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டனர்.

இவ்வேற்றுமைக்கு இடந்தருவது நமது அரசியல் சட்டம். அதன் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற்பட்டியலில் உள்ளவை மத்திய சர்க்காருக்கு உரியவை; இரண்டாவதில் உள்ளவை மாநிலங்களுக்கு உரியவை; மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. மதுபானம் இரண்டாவது பட்டியலின் 8-ஆம் இனம். ஆகவேதான் மதுவைப் பற்றி ஒவ்வொரு மாநிலமும் தன் மனம்போல் சட்டம் செய்கிறது. கஞ்சாவின் நிலை அத்தகையதன்று. “மருந்துகளும் நஞ்சுகளும்” என்பது பொதுப் பட்டியலின் 19-ஆம் இனம். அதில் மத்திய சர்க்காரும் சட்டம் செய்யலாம், மாநிலமும் செய்யலாம். இரண்டும் முரண்பட்டால் பொதுவாக மத்திய சட்டமே நிற்கும். அதே சமயம், கஞ்சாவின்மீது ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 51-ஆம் இனத்தில் வைக்கப்பட்டுள்ளது. தண்டிக்கும் கை ஒன்று, தீர்வை வாங்கும் கை மற்றொன்று. குழப்பத்தின் வேர் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழைய வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் கஞ்சா பொதுவாகத் தடைப்பட்ட பொருளாக இருக்கவில்லை. மாகாணந்தோறும் தனித்தனி ஆப்காரிச் சட்டம் இருந்தது. உரிமம் பெற்ற கடைகளில் விற்பனை நடந்தது. சமஸ்தானங்களுக்குத் தனிச் சட்டங்கள். இன்றும் கேரளம் முழுவதற்கும் வழங்கும் ஆப்காரிச் சட்டம், பழைய கொச்சி சமஸ்தானத்தில் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1901-02-இல் இயற்றப்பட்டதே என்பது பலர் அறியாத செய்தி. பழைய எண் மாறாமல் அது இன்றளவும் வழங்கி வருகிறது.

இச்செடியை முற்றிலும் தடுத்துவிடலாமா என்று ஆராய 1893-இல் இந்திய சர்க்கார் ஒரு கமிஷனை அமைத்தது. நாடெங்கும் மருத்துவர், சிறையதிகாரி, சாமியார், வியாபாரி எனப் பல திறத்தாரிடம் சாட்சியம் வாங்கிப் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அக்கமிஷன் 1894-இல் வழங்கியது. முழுத்தடை வேண்டுவதில்லை, தீர்வையும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்பதே அதன் முடிவு. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அக்கொள்கையே பெரிதும் நிலைத்தது. எனினும் சில மாநிலங்கள் தாமே தடையை மேற்கொண்டன. சென்னை மாகாணத்தில் 1937-இல் பிறந்த மதுவிலக்குச் சட்டம், கள்ளையும் சாராயத்தையும் மட்டுமன்றிக் கஞ்சாவையும் அதன் இலையையும் தடுத்தது. அஸ்ஸாம் 1958-இல் கஞ்சாவுக்கும் பாங்குக்கும் எனத் தனித் தடைச் சட்டமே இயற்றியது.

பின்னர் உலக நாடுகள் கூடி 1961-இல் போதைப் பொருள்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. 1964 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கன்றிக் கஞ்சாவைப் பயன்படுத்துவதை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று அது கெடு விதித்தது. ஆனால் கஞ்சா என்பது பூவும் காயுமாகிய நுனிப் பகுதியே என்றும், தனித்த இலையும் விதையும் அதில் அடங்கா என்றும் அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. கெடு முடிவதற்குள் நமது பார்லிமெண்டு 1985-இல் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அது நாடெங்கும் அமலில் உள்ளது. உடன்படிக்கையில் இருந்த அந்த வரையறை அப்படியே நம் சட்டத்திலும் இடம்பெற்றது.

தடை எது, விலக்கு எது

மேற்சொன்ன மத்தியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, கஞ்சாச் செடியைப் பயிரிடுவது, கஞ்சாவை உண்டாக்குவது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டுசெல்வது, பயன்படுத்துவது ஆகிய அனைத்தையும் தடுக்கிறது. சட்டம் அனுமதித்த முறையில் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துவது மட்டுமே விலக்கு. இத்தடை கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒன்றே. பிறகு வேற்றுமை எங்கிருந்து வருகிறது? மூன்று வாயில்களின் வழியே வருகிறது.

முதல் வாயில், இலை. பூநுனி சேராத இலை ‘கஞ்சா’ என்னும் வரையறைக்குள் வரவில்லை. ஆகவே அவ்விலையை அரைத்துச் செய்யும் பாங் என்னும் பானத்தை அனுமதிப்பதும் தடுப்பதும் மாநிலத்தின் ஆயத்தீர்வைச் சட்டத்தைப் பொறுத்தவை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றில் உரிமம் பெற்ற பாங் கடைகள் இருப்பது இதனால்தான். சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் வடநாட்டார் அதனை அருந்துவதும் இதன் வழியே. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இலையையும் சேர்த்தே போதைப் பொருளாகக் கொள்கிறது.

இரண்டாம் வாயில், 10-ஆவது பிரிவு. சரஸ் என்னும் பிசின் நீங்கலாகக் கஞ்சாச் செடியின் பயிரையும், இருப்பையும், போக்குவரத்தையும் விதி செய்து அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில சர்க்காருக்கு அது அதிகாரம் தருகிறது. மருந்துக்காக அனுமதிக்கலாமா, வேண்டாமா, எவருக்கு, எத்துணை என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் முடிவு.

மூன்றாம் வாயில், 14-ஆவது பிரிவு. நாருக்காகவும் விதைக்காகவும் இச்செடியைப் பயிரிடச் சர்க்கார் அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். உத்தராகண்டம் 2018-ஆம் ஆண்டு முதல் உரிமம் தரத் தொடங்கியது நார்ப்பயிருக்கே. போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாத வகைச் செடி அது. அதனைப் புகைத்து மயங்க எண்ணுபவர் ஏமாந்து போவார். ஹிமாசலப் பிரதேச சட்டசபையும் மருந்துக்கும் தொழிலுக்கும் இச்செடியைப் பயிரிடலாம் என்று கூறிய குழு அறிக்கையை 2024-இல் ஏற்றுக்கொண்டது. விதையில் போதை இல்லாமையால், அதனையும் அதன் எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் இடம் அளித்தது. ஆயுர்வேத, சித்த மருந்துகளிலும் வைத்தியர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் இச்செடிக்கு இடம் உண்டு.

அம்மையாரின் மகன் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. உத்தராகண்டத்து உழவர் பெற்றிருப்பது ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கும், ஒரு குறிப்பிட்ட வகைப் பயிருக்கும், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கும் உரிய அனுமதி. காசியின் கடைக்காரர் பெற்றிருப்பது அம்மாநிலத்தின் உரிமம். அது அவருடைய கடையோடு நிற்கும்; வாங்கியவர் பெட்டிக்குள் ஏறி ரயிலில் வராது. மத்தியச் சட்டத்தின் தடையோ எங்கே போனாலும் நம்முடனேயே வரும். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போய்வரும் நம்மவர் மனத்தில் பதிய வேண்டிய உண்மை இதுவே: அனுமதி எல்லையில் நின்றுவிடும், தடை எல்லை தாண்டியும் கூடவே வரும்.

தவறான மூன்று எண்ணங்கள்

இளைஞரிடையே வழங்கும் தவறான எண்ணங்கள் மூன்று. அவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

“ஒரு கிலோவுக்குள் இருந்தால் குற்றமில்லை” என்பது முதலாவது. இது முழுப் பிழை. 2001-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி கஞ்சாவில் 1 கிலோ வரை ‘சிறு அளவு’, 20 கிலோவுக்கு மேல் ‘வாணிப அளவு’. இவை தண்டனையின் படிக்கட்டுகள். அனுமதியின் அளவுகள் அல்ல. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, ரூ. 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்கு மேல், வாணிப அளவுக்குள் இருந்தால் 10 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். வாணிப அளவாயின் 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும். வைத்திருக்காமல் புகைத்தது மட்டுமே ஆயினும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பத்துக் கிராம் பொட்டலமும் குற்றமே.

“விற்றால்தானே குற்றம், மாடித் தொட்டியில் ஒரு செடி வளர்த்தால் என்ன?” என்பது இரண்டாவது. செடி வளர்ப்பது தனிக்குற்றம். அதற்குப் பத்தாண்டு வரை சிறை. சிறு அளவுக்கு உள்ள சலுகை செடிக்கு இல்லை.

“இலைதானே, அது கஞ்சா அல்லவே” என்பது மூன்றாவது. பறிமுதல் செய்த பொட்டலத்தில் பூநுனி கலந்திருந்ததா, வெறும் இலையா என்பதை ரசாயனப் பரிசோதனையும் கோர்ட்டும்தான் முடிவு செய்யும். அம்முடிவு வருவதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை அலைச்சலும் அவமானமும் யாருக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும் இலையையே தடுக்கும் மாநிலங்களில் அவ்வாதம் எடுபடாது.

ரயிலும் வாடகை அறையும்

ரயில்வேயில் பணிபுரிபவன் என்னும் முறையில் இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஆந்திரத்துக்கும் ஒடிஸாவுக்கும் இடைப்பட்ட மலைப் பகுதிகளில் திருட்டுத்தனமாக விளையும் கஞ்சா, ரயில் வழியாகவும் சாலை வழியாகவும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கடத்தப்பட்டு வருகிறது. அதனைச் சுமப்பவர் அதன் முதலாளி அல்லர். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்ட ஏழை இளைஞராகவோ, பையில் இருப்பது இன்னதென்றே அறியாத அப்பாவியாகவோ அவர் இருக்கக்கூடும். கேரளத்தில் எக்சைஸ் இலாகாவும் போலீஸும் இச்சட்டத்தின்கீழ்ச் சோதனையிடலாம். மத்திய சர்க்காரின் அதிகாரிகளும் உண்டு. 2019-ஆம் ஆண்டு முதல் ரயில்வே பாதுகாப்புப் படையினருக்கும் அவ்வதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. இவர்களுள் எவர் பிடித்தாலும் சட்டம் ஒன்றே.

இச்சட்டத்தில் ஒரு தனிக் கடுமை உண்டு. பிற குற்றங்களில், குற்றவாளி அறிந்தே செய்தான் என்பதைச் சர்க்கார் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். இங்கோ, பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிலைநாட்டப்பட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று கோர்ட்டு அனுமானித்துக்கொள்ளும். “எனக்குத் தெரியாது” என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பாரம் அவர்மேல் விழும். 35, 54 ஆகிய பிரிவுகள் கூறுவது இதுவே. வாணிப அளவாயின் ஜாமீனும் எளிதில் கிடையாது. அவர் குற்றமற்றவர் என நம்பப் போதிய காரணம் உண்டு என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் 37-ஆவது பிரிவு வழிவிடும்.

ஆகவே ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். “தம்பி, இந்தப் பையைத் தம்பானூர் ஸ்டேஷனில் என் மச்சான் வந்து வாங்கிக்கொள்வான், கொஞ்சம் வைத்துக்கொள்” என்று முன்பின் அறியாதவர் கேட்டால், முகத்தாட்சணியம் பாராமல் மறுத்துவிட வேண்டும். பிறர் பெட்டியைத் தம் இருக்கைக்குக் கீழே வைக்கவும் இடம் தரலாகாது. உதவி செய்வது நம் பண்பாடு எனினும், பையின் உள்ளே இருப்பதைக் காணாமல் சுமப்பது உதவியில் சேராது.

வாடகை அறைகளுக்கும் இது பொருந்தும். தன் வசமுள்ள வீட்டையோ, அறையையோ, வண்டியையோ அறிந்தே இக்குற்றத்துக்குப் பயன்படுத்த விடுபவர், குற்றம் செய்தவருக்குரிய தண்டனையையே பெறுவார் என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்து பேர் தங்கும் அறையில் ஒருவன் ஒளித்து வைத்த பொட்டலம், மற்ற நால்வரையும் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிடும். வேற்றூரிலிருந்து வந்து தங்கியவர் என்றால் ஐயம் முதலில் நம்மீதே விழும் என்பதை அனுபவம் உள்ளவர் அறிவர். ஆகவே அறையில் உடன் தங்குபவர் யார், என்ன தொழில் செய்கிறார் என்பதை விசாரித்து வைப்பது குறுகிய புத்தி ஆகாது.

கடுமையான இச்சட்டத்தில் குடிமக்களுக்குக் காப்புகளும் உண்டு. ஒருவருடைய உடலைச் சோதிப்பதற்கு முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் சோதிக்குமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை அதிகாரி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பைக்கு இது பொருந்தாது. பெண்களைப் பெண்ணே சோதிக்க வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். இச்சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றிலேயே சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்டப்பணி ஆணையத்தின் மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். நம்மவருள் மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர் பலர். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திட வேண்டாம். தமிழில் படித்துச் சொல்லுமாறு பணிவுடன் கேளுங்கள்.

கடல் கடந்த நாடுகளில்

இந்தியாவில் மட்டும் இவ்வேற்றுமை இருப்பதாக எண்ண வேண்டா. அமெரிக்காவில் கொலராடோவும் வாஷிங்டனும் 2012-இல் வாக்கெடுப்பு நடத்திப் பெரியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்தன. பின்னர் மேலும் பல மாநிலங்கள் அவ்வழி சென்றன. கலிபோர்னியாவில் மாநிலம் அனுமதித்தும், கடை வைக்கலாகாது என்று தடுக்கும் அதிகாரம் நகரசபைகளுக்கு உண்டு. ஆனால் அந்நாட்டு மத்தியச் சட்டப்படி பொழுதுபோக்குக்காகக் கஞ்சாவை வைத்திருப்பது இன்றும் குற்றமே. குடியேற்றம் மத்திய சர்க்காருக்கு உரியது. ஆதலால் மாநிலச் சட்டத்தை நம்பிப் புகைத்த வெளிநாட்டவர் பிரஜா உரிமை கோரும்போது அதுவே தடையாகலாம் என்று அந்நாட்டுக் குடியேற்ற இலாகா 2019-இல் தெளிவுபடுத்தியது. அங்கும், மாநிலத்தின் அனுமதி பிரஜைக்குத் துணை நிற்பது போலக் குடிவந்தவருக்குத் துணை நிற்பதில்லை.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதற்கும் அனுமதித்தது. எனினும் வயது மாகாணத்துக்கு மாகாணம் வேறு: ஆல்பர்ட்டாவில் 18, குவிபெக்கில் 21, மற்ற மாகாணங்களில் 19. நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்வது அங்கும் குற்றமே. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை நீக்கிற்று. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் கட்டுப்படுத்திற்று. ஏறத்தாழ மூன்றாண்டில் சட்டம் முன்னும் பின்னும் போயிற்று. சென்ற ஆண்டு போய்வந்தவர் சொன்னதை நம்பி இவ்வாண்டு போகிறவர் இடருறுவர்.

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்துவதற்கு மரண தண்டனை உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்துவிட்டு வந்தாலும் அங்கே குற்றம். அந்நாட்டின் தடை, குடிமகன் போகும் நாடெல்லாம் அவனுடன் போகிறது. மலேசியாவில் 200 கிராம் வைத்திருந்தாலே கடத்துபவர் என்று சட்டம் அனுமானிக்கும். மரண தண்டனை கட்டாயம் என்பதை மட்டும் அந்நாடு 2023-இல் நீக்கி, நீதிபதியின் முடிவுக்கு விட்டது.

நம் அடுக்களையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. நம் நாட்டில் எந்த மளிகைக் கடையிலும் அது கிடைக்கும். அதையே ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கோ சிங்கப்பூருக்கோ பெட்டியில் கொண்டுபோவது தடை செய்யப்பட்டுள்ளது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்கு மசாலாப் பொடி கட்டி அனுப்பும் தாய்மார் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குற்றம் என்பது பொருளில் மட்டும் இல்லை. அப்பொருள் நிற்கும் மண்ணிலும் இருக்கிறது.

திருந்த வழி

சட்டம் மாற வேண்டும் என்று வாதிப்பவரும் உளர். அவ்வாதத்தைப் பழித்து ஒதுக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் ஆணையம், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்னும் வாக்குகளில் முடிவு செய்தபோது, இந்தியாவும் நீக்குவதற்கே வாக்களித்தது. மருந்துப் பயன் உண்டு என்பதை உலகம் ஏற்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பார்லிமெண்டு நாளை சட்டத்தை மாற்றினாலும், இன்று பிடிபட்ட பிள்ளைக்கு இன்றைய சட்டமே பொருந்தும். விவாதம் செய்ய அறிஞர்களுக்கு நேரம் இருக்கிறது. கோர்ட்டுக்கு அலைய நம்மவருக்குக் கூலி நாள் இல்லை.

பழக்கம் பற்றிக்கொண்டுவிட்ட பிள்ளையை மறைத்து வைப்பதும், அடித்துத் துரத்துவதும் ஒருங்கே தவறு. இச்சட்டத்தின் 64-ஏ பிரிவு பெரும்பாலோர் அறியாதது. பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான ஒருவர், தாமே முன்வந்து சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தலாகாது என்று அது கூறுகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அப்பாதுகாப்பும் போய்விடலாம். கேரள எக்சைஸ் இலாகா நடத்தும் ‘விமுக்தி’ இயக்கத்தின் வழியாக இம்மாநிலத்தில் சிகிச்சை மையங்கள் உள்ளன. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். மகன் போதையில் இருக்கிறான் என்று தந்தை தொலைபேசியில் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. காலங்கடந்தபின் ஜாமீன்தாரரைத் தேடி அலைவதுதான் துன்பம்.

நிறைவாக, இவ்விதழை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள இளைஞரை அழைத்து இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். “எங்கோ அனுமதி உண்டு என்பது இங்கே நமக்குக் காப்பு ஆகாது” என்பது ஒன்று. “எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் வந்து சொல், நாங்கள் இருக்கிறோம்” என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் சொன்னால் பிள்ளை அஞ்சி ஒளிவான். இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டுக்கு வருவான்.